நாலாம் தட்டும் ஒரு பொட்டுக் குங்குமமும்

அந்த அலமாரிக்குள் குங்குமம் வைத்தது நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் முழுக்க நான் சொல்லத் துடித்ததும், என்னைச் சொல்ல விடாமல் எல்லாரும் சேர்ந்து அமுக்கியதும் இந்த ஒரு விஷயத்தைத்தான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எழுபதுகளின் நடுவில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் எனக்குத் தினக்கூலி வேலை கிடைத்தது. செங்கல்பட்டில் தையல் வகுப்பு முடித்து, அங்கேயே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தவள் நான். நேர்முகத்தில் எங்கள் அதிகாரி என் தையல் சான்றிதழைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எந்த ஊர் என்று கேட்டார். குப்பத்தின் பெயரைச் சொன்னேன். "வலை பின்ற கை, சரியா இருக்கும்" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் சொன்னார். எங்கள் குப்பத்தில் வலை பின்னுவது ஆண்கள் வேலை. நான் அதுவரை வலையைத் தொட்டது இல்லை. ரவிக்கைக்கு ஓரம் மடித்துத் தைக்கிற கை என்னுடையது. ஆனால் வேலை வேண்டுமே, வாயை மூடிக்கொண்டேன்.

கூடத்தில் ஒரு தடித்த சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மனிதர்கள் போகக் கூடாத அறை. அதற்குள் ஓர் இரும்புக் கை இருந்தது. கதிர்வீச்சால் மனிதன் தொடக் கூடாத சாமான்களை எடுத்து, திறந்து, ஊற்றி, மூடி வைப்பதற்காகச் செய்த கை அது. மற்ற கூடங்களில் அப்படிப்பட்ட கைகளை இந்தப் பக்கம் ஒருவர் நின்று பிடித்து ஆட்ட வேண்டும். எங்களுடையது தானாக யோசித்து வேலை செய்ய வேண்டும் என்று எங்கள் அதிகாரிக்கு ஆசை. அதற்கு மூளை வேண்டும். அந்த மூளை, சுவருக்கு இந்தப் பக்கம், குளிரூட்டிய அறையில், ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அலமாரியாக நின்றது.

மூளை என்றதும் ஏதோ மாய மந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். வந்து பார்த்த பெரிய மனிதர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். எங்கள் அதிகாரியும் அவர்களை அப்படியே நினைக்க விட்டார். உள்ளே இருந்தது ஏழு தட்டுகளும், தட்டுகளுக்குக் கீழே வரிசை வரிசையாக ரிலேக்கள் என்கிற சின்ன மின்சார சுவிட்சுகளும்தான். ஒவ்வொரு தட்டிலும் கேழ்வரகு அளவுக்குக் கருப்புக் காந்த வளையங்கள். அந்த வளையங்களின் ஊடே முடி போலச் செம்புக் கம்பி ஓடும். ஒரு கம்பி ஒரு பாடம். கம்பி வளையத்துக்கு உள்ளே புகுந்து போனால் அந்த இடத்தில் 'ஆமாம்'. வளையத்தை ஒட்டி வெளியே போனால் 'இல்லை'. விரலை விரி, தொட்டுப் பார், கனம் தெரிந்தால் மூடு, மூடிய பிறகு தளர்த்தாதே. இப்படி அந்தக் கைக்குத் தெரிந்த அத்தனையும் கம்பி போன வழிதான். இரும்பு விரல்களின் நுனியில் சின்னப் பொத்தான்கள் இருந்தன. அவை எதையாவது தொட்டால் சுவரைத் தாண்டிச் சேதி வரும். சேதி உரிய கம்பியில் பாயும், அந்தக் கம்பி எந்தெந்த வளையத்துக்குள் போயிருக்கிறதோ அந்த வளையங்கள் பதில் சொல்லும், கீழே ரிலேக்கள் டக்டக்கென்று அடிக்கும், கை அசையும். அவ்வளவுதான் யோசனை.

அந்தக் கம்பிகளை நான் கோத்தேன். பொறியாளர்கள் காகிதத்தில் வட்டம் வட்டமாகப் போட்டுக் கொடுப்பார்கள். நிரப்பிய வட்டம் என்றால் உள்ளே, வெறும் வட்டம் என்றால் வெளியே. பூதக்கண்ணாடிக்கு அடியில் ஊசியைப் பிடித்துக்கொண்டு, "உள்ள, வெளிய, உள்ள, உள்ள" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கோப்பேன். ஒரு தட்டு முடிய நாலு மாதம் ஆகும். ஒரு கம்பி முடிந்ததும் விளக்குப் பலகையில் இணைத்து, எந்தெந்த விளக்கு எரிகிறது என்று காகிதத்தோடு ஒத்துப் பார்ப்பேன். தப்பு இருந்தால் அதை உருவிவிட்டு மறுபடி கோப்பேன். ஏழு தட்டில் நாலாவது தட்டுதான் பிடியைக் கவனித்துக்கொண்டது. அது முடிந்த அன்று எனக்குக் கண்ணில் நீர் வடிந்தது. கண் எரிச்சல்தான், வேறு ஒன்றும் இல்லை.

கோத்துக் கொடுத்ததோடு என் வேலை முடியவில்லை. மூளையைப் பராமரிப்பதும் என் தலையில்தான். எனக்குத் துணை செங்கல்பட்டிலிருந்து தினமும் அலுவலகப் பேருந்தில் வந்த ரிலேக்காரர் ஒருவர். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். அந்தக் கைக்கு 'அண்ணாத்த' என்று பெயர் வைத்தவரே அவர்தான். காலையில் வந்ததும், "அண்ணாத்த எழுந்துகினாரா, நாஸ்தா போடலாமா?" என்பார். நாஸ்தா என்றால் மின்சாரம்.

கடல் பக்கத்தில் இருக்கிறதே, உப்புக் காற்றுதான் எங்களுக்கு முதல் எதிரி. குளிர்சாதனத்தை ஒரு நிமிஷம் நிறுத்தக் கூடாது. அலமாரிக் கதவைத் திறந்து போடக் கூடாது. உள்ளே ஈரம் உறிஞ்சும் நீல உருண்டைகளைச் சின்னப் பைகளில் தொங்கவிட்டிருப்போம். ஈரம் குடித்தால் அவை ரோஜா நிறமாகிவிடும். எடுத்து அடுப்பில் சூடுகாட்டி நீலமாக்கித் திருப்பித் தொங்கவிடுவேன். ரிலேக்களின் தொடுமுனைகளை ஸ்பிரிட்டில் நனைத்த தோல் துணியால் அவர் துடைப்பார். எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று, தினமும் ஒரு முறையாவது எல்லா ரிலேயையும் அடிக்கவிட வேண்டும். சும்மா கிடந்தால் முனைகளில் பச்சை ஏறும். நான் தலையில் பூ வைக்கக் கூடாது, கையில் எண்ணெய் இருக்கக் கூடாது, முகத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டு வரக் கூடாது. தூள் உதிருமாம். இந்தச் சட்டங்களை எல்லாம் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியதே எங்கள் அதிகாரிதான். அதை மறந்துவிடாதீர்கள்.

ஆயுத பூஜை வந்தது. கூடம் முழுக்க மாவிலை, தோரணம். கடைசல் இயந்திரத்துக்கும் துளையிடும் இயந்திரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது, எனக்கு அதில் ஒரு மனத்தாங்கலும் இல்லை. பிறகு எங்கள் அதிகாரி கற்பூரத் தட்டோடு குளிரூட்டிய அறைக்குள் வந்தார். பின்னாலேயே பத்துப் பேர். நான் அலமாரிக் கதவின் வெளிப்பக்கம் ஏற்கெனவே ஒரு பொட்டு வைத்திருந்தேன். அவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"இது வெறும் இரும்பும்மா. மூளை உள்ளதானே இருக்கு? வெளில வச்சா பெட்டிக்கு வச்ச மாதிரி. திற."

"வேணா சார். உள்ள தூளு உய்ந்துடும்" என்றேன்.

"ஒரு பொட்டுதானே. நல்ல நாள்ல தடுக்காதே."

அவரே திறந்தார். நடுவிரலால் சந்தனத்தைத் தொட்டு, ஏழு தட்டுக்கும் ஏழு பொட்டு வைத்தார். பொட்டு வைக்க நெற்றி வேண்டும் அல்லவா? தட்டுகளின் விளிம்பை ஒட்டி, அலமாரிச் சட்டத்தில், கம்பி நுனிகள் ரிலேக்குப் போகிற பித்தளை முள்வரிசைகள் இருந்தன. அதைத்தான் நெற்றி என்று அவர் எடுத்துக்கொண்டார். சந்தனத்தின் மேல் குங்குமம். அதற்கு மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கற்பூரத்தை உள்ளே நீட்டிக் காட்டினார்.

அதோடு விட்டிருந்தாலும் பிழைத்திருப்போம். "பூஜையன்னிக்குக் கருவியைத் தொடக் கூடாது. எல்லாத்துக்கும் ஓய்வு" என்று சொல்லிக் குளிர்சாதனத்தையும் நிறுத்தச் சொன்னார். மூளைக்கு ஓய்வாம். ஓய்வுதான் அதற்கு நோய் என்று சுவரில் எழுதி ஒட்டிய மனிதர் சொல்கிறார். நான் ரிலேக்காரரைப் பார்த்தேன். அவர் பொரி கடலையைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். கதவு லேசாகத் திறந்தபடி, கடல் காற்றில் இரண்டு நாள் முழுசாகக் கிடந்தது அலமாரி.

விஜயதசமிக்கு மறுநாள் பெரிய இடத்திலிருந்து நாலைந்து பேர் பார்க்க வந்தார்கள். கை ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து, அதிலிருந்த கலர் தண்ணீரை இன்னொன்றில் ஊற்றிக் காட்ட வேண்டும். எங்கள் அதிகாரி சுவரில் பதித்த தடித்த கண்ணாடி வழியாக அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கை நீண்டது, ஜாடியைப் பிடித்தது, தூக்கியது, பாதி வழியில் ஐந்து விரலையும் விரித்தது. ஜாடி தரையில் விழுந்து சுக்குநூறாகிப் போனது. வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்புக்கு யாராவது பதில் சொல்ல வேண்டுமே. "பிடி நாலாம் தட்டு. நாலாம் தட்டு தைச்சது யாரு?" என்று கேட்டார் எங்கள் அதிகாரி. அவருக்குத் தெரியும் யார் என்று. நான் முன்னால் போய் நின்றேன். விளக்குப் பலகையில் இணைத்துப் பார்க்கலாம், நான் கோத்தது காகிதத்தில் இருப்பதுதான் என்றேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. விசாரணைக் குழுவிடம் காட்டுவதற்காக நாலாம் தட்டை வெளியே எடுக்கச் சொன்னார். முள்ளில் ஈயத்தால் பற்றவைத்த அதன் கம்பி நுனிகளை ஒவ்வொன்றாகச் சூடுகாட்டி எடுக்க ஒரு நாள் ஆகும். அவருக்குப் பொறுமை இல்லை. வெட்டுக்குறடை வாங்கி அவரே நறுக் நறுக்கென்று வெட்டினார். நாலு மாத உழைப்பு, நாலு நிமிஷத்தில் போயிற்று. நுனி போன பிறகு விளக்குப் பலகையில் எதை இணைத்துப் பார்ப்பது? நான் சரியாகக் கோத்தேன் என்று காட்ட எனக்கிருந்த ஒரே வழியையும் வெட்டிவிட்டு, அதை எனக்கே எதிரான சாட்சியாக மேசையில் வைத்தார்கள்.

குழுவில் மூன்று பேர். அரை மணி நேரம் பேசினார்கள். பராமரிப்புப் பதிவேட்டில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதினார்கள்: 'நாலாம் தட்டு, தையல் பிழை.' அந்த மாதம் என்னை நிரந்தரமாக்கி ஆணை வர வேண்டியிருந்தது. அதை எடுத்து மூட்டை கட்டி வைத்தார்கள். புதுத் தட்டு கோத்துக் கொடு, ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை. ஏன் அனுப்புவார்கள்? வேறு யாருக்குக் கோக்கத் தெரியும்?

என் அம்மா கூடத்து ஊழியர் குடியிருப்பில் வீடு வீடாக மீன் விற்பவள். அதிகாரியின் வீட்டிலேயே அவளிடம் சொல்லியிருக்கிறார்கள், உன் பெண் தப்பாகத் தைத்துவிட்டாளாமே என்று. அம்மா கூடையை இறக்கியதும் என்னைக் கேட்டாள்.

"தப்பு பண்ணியா இல்லியா, அத்த மட்டும் சொல்லு."

"பண்ல."

"அப்பறம் இன்னாத்துக்குத் தலய தொங்கப் போட்டுகினு குந்திகினு கீற?"

 மறுநாளிலிருந்து அவள் அதிகாரி வீட்டுக்கு மீன் போடுவதை நிறுத்திவிட்டாள்.

பத்து நாள் கழித்துச் சாப்பாட்டு நேரத்தில் ரிலேக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நாலாம் வரிசை முள்ளுல பாரு, செவப்பா பத்து போட்ட மாதிரி ஒட்டிகினு இருந்துச்சு. குங்குமம், சந்தனம், அதுல உப்பு ஈரம் பூந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகிச்சு. மூடச் சொன்னா தெறக்குற சேதியும் சேந்து பூடுது. உன் தையலு மேல ஒண்ணியும் இல்ல. எல்லாத்தியும் நான் தொடச்சிட்டேன்."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "தொடச்சிட்டியா? தொடைக்கறதுக்கு முன்ன யார்னா ஒருத்தர கூப்ட்டு காட்டக் கூடாதாண்ணா?"

"எனக்கு ரெண்டு பொண்ணு கீதும்மா. அந்தாளோட பேஜாரு என்னால ஆவாது. நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாத."

அந்த நிமிஷம் அதிகாரியைவிட எனக்கு இவர்மேல்தான் ஆத்திரம் பொங்கியது. அதிகாரிக்கு நான் ஒரு தினக்கூலிக் கை, அவ்வளவுதான். இவர் என்னோடு தினம் சோற்றைப் பங்கு போட்டுச் சாப்பிட்டவர். சிரிப்பதற்கு மட்டும் துணை. நான் டப்பாவை மூடிவிட்டு எழுந்து போனேன். அதற்குப் பிறகு பல மாதம் வேலைக்கு வேண்டிய பேச்சைத் தவிர அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

புதுத் தட்டை உட்கார்ந்து கோத்தேன். அதே காகிதம், அதே வட்டங்கள். உள்ள, வெளிய, உள்ள, உள்ள. ஒவ்வொரு கம்பிக்கும் பல்லைக் கடித்தேன். ஒரு கம்பிகூட மாற்றவில்லை, மாற்ற என்ன இருக்கிறது? தட்டைப் பொருத்தினார்கள். கை ஜாடியைப் பிடித்து, ஊற்றி, பத்திரமாகக் கீழே வைத்தது. எல்லாரும் கை தட்டினார்கள். பதிவேட்டில் அடுத்த வரி ஏறியது: 'தையல் பிழை திருத்தப்பட்டது.'

வெட்டுப்பட்ட பழைய தட்டை யாரும் பொருட்படுத்தவில்லை. நான் அதை மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். புதுத் தட்டைப் பொருத்துவதற்கு முன்பே இரண்டையும் பூதக்கண்ணாடிக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எங்கள் அதிகாரியைக் கூப்பிட்டிருந்தேன்.

"ஒவ்வொரு வளையமா பாருங்க சார். ரெண்டும் ஒண்ணுதான். இது பிழைன்னா இதுவும் பிழை."

கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். நிமிர்ந்ததும், "ஃபைல் முடிஞ்சு போச்சும்மா. புது தட்டு நல்லா இருந்தா உனக்கும் நல்லதுதானே" என்றார். பார்த்துவிட்டுத்தான் சொன்னார். பார்க்காமல் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

மறுபடியும் ஆயுத பூஜை வந்தது. மாவிலை, தோரணம், பொரி. எங்கள் அதிகாரி கற்பூரத் தட்டோடு குளிரூட்டிய அறைக்கு வந்தார். பின்னாலேயே அதே பத்துப் பேர். நான் அலமாரிக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"நகரும்மா" என்றார்.

நான் நகரவில்லை. அவர் இடது கையில் புதிதாக ஒரு கைக்கடிகாரம் கட்டியிருந்தார். ஒரு மாதமாக எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தார்.

"அதுவும் கருவிதான சார்?" என்று கடிகாரத்தைக் காட்டிக் கேட்டேன். "மொதல்ல அதுக்கு வைங்க. பின்மூடிய தெறந்து உள்ள வைங்க. சந்தனம், குங்குமம், ரெண்டு சொட்டு மஞ்சத்தண்ணி. அப்பறம் நான் நவுர்றேன்."

அவர் வலது கையில் தட்டு இருந்தது. அதைச் சட்டென்று பக்கத்திலிருந்தவரிடம் தள்ளிவிட்டு, அந்தக் கையால் கடிகாரத்தை இறுகப் பொத்திக்கொண்டார். அவர் யோசித்துச் செய்யவில்லை. நான் கையைக்கூட நீட்டவில்லை, சொல்லத்தான் சொன்னேன். அதற்கே பொத்திக்கொண்டார்.

அறையில் அத்தனை பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். அவரும் குனிந்து பார்த்தார். மெல்ல எடுத்தார், ஆனால் எடுத்து என்ன பயன்?

பின்னாலிருந்து ரிலேக்காரர் தொண்டையைக் கனைத்தார். "போன வருசம் நாலாம் வரிசைல குங்குமம் ஒட்டிகினு இருந்துது சார். நான்தான் தொடச்சேன்" என்றார். ஒரு வருஷம் கழித்து. எல்லாரும் பார்த்த பிறகு. அவரை அன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

"இனிமே வெளில மட்டும் வைங்க" என்றார் எங்கள் அதிகாரி, பொதுவாக, யாரையும் பார்க்காமல்.

"எழுதிக் குடுங்க சார்" என்றேன். பதிவேட்டை விரித்து நீட்டினேன். பூஜை நாளில் பேனாவைத் தொடக் கூடாது என்று யாரோ முணுமுணுத்தார்கள். நான் நீட்டிய கையை மடக்கவில்லை. அவர் பேனாவை எடுத்து, 'மூளை அலமாரியின் உள்ளே பூஜைப் பொருள்கள் வைக்கக் கூடாது' என்று எழுதி, கீழே அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டார். பதிவேட்டை மூடப் போனார். போன வருஷத்து வரியைப் பற்றி அவருக்கு ஞாபகமே வரவில்லையாம்.

மூடுவதற்குள் நான் பதிவேட்டை இழுத்துக்கொண்டேன். பேனாவையும் அவர் விரல்களிலிருந்து வாங்கிக்கொண்டேன். பக்கங்களைப் பின்னால் திருப்பி, 'தையல் பிழை' என்ற சிவப்பு வரியைக் கண்டுபிடித்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் கோடு இழுத்தேன். அடுத்து, 'திருத்தப்பட்டது' என்ற வரியையும் அடித்தேன். பக்கத்தில் என் பெயரை முழுசாக எழுதினேன். அந்தப் பதிவேட்டில் என் பெயர் ஏறியது அதுதான் முதல் தடவை. யாரும் என்னைத் தடுக்கவில்லை.